தண்டவாளம் போடும் முன் விட்ட ரயில்

சென்ற மாதம் கரமனையில் என் மகள் வீட்டில் ஒரு பஞ்சாயத்து. பேரன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டான். ஓட்டத்திலும் கால்பந்திலும் கெட்டிக்காரன். ஒரு தனியார் கால்பந்துக் குழுவிலிருந்து அவனுக்கு இரண்டு ஆண்டு ஒப்பந்தம் என்று ஒரு தாள் வந்திருக்கிறது. மாப்பிள்ளை முடியவே முடியாது என்கிறார். மகள் இரண்டு பக்கமும் பேசுகிறாள். பேரன் பேசவே இல்லை, சாப்பிடவும் இல்லை. கடைசியில் "அப்பா, நீங்கதான் பெரியவங்க, நீங்களே சொல்லுங்க" என்று தாளை என் கையில் கொடுத்துவிட்டாள்.

நம் சங்கக் குடும்பங்களில் இது இனிமேல் அடிக்கடி வரப்போகும் பஞ்சாயத்து. 2024-ல் சூப்பர் லீக் கேரளா என்று ஆறு அணிகளுடன் தொழில்முறைக் கால்பந்து தொடங்கி, நம் ஊர்ப் பெயரிலேயே திருவனந்தபுரம் கொம்பன்ஸ் என்று ஓர் அணி சந்திரசேகரன் நாயர் விளையாட்டரங்கில் ஆடியது. பிள்ளைகள் கண்ணால் பார்த்துவிட்டார்கள். இனி "விளையாட்டு சோறு போடுமா?" என்ற பழைய கேள்வியைக் கேட்டு அவர்கள் வாயை அடைக்க முடியாது. போடும் என்று அவர்களே சொல்வார்கள். எத்தனை நாளைக்குப் போடும் என்பதுதான் நாம் கேட்க வேண்டியது.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது கால்பந்து அல்ல. 2012-ல் தொலைக்காட்சியில் பார்த்த ஒரு விநோதம். தலையில் ஹெல்மெட், தோளில் கவசம், முட்டை வடிவப் பந்து. அமெரிக்கர்கள் "ஃபுட்பால்" என்று சொல்லி, பெரும்பாலும் கையால் ஆடும் ஆட்டம். அதை நம் நாட்டுப் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். டென் ஸ்போர்ட்ஸ் சேனலில் வந்தது. இந்திய எலைட் ஃபுட்பால் லீக் என்று பெயர்.

வாசகர்களில் பலருக்கு இந்த லீக்கைப் பற்றித் தெரிந்திருக்காது என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். 2011-ல் அமெரிக்காவில் இதை அறிவித்தார்கள். பணம் போட்டவர்கள் பட்டியல் பெரியது. சிகாகோ அணியின் பழைய பயிற்சியாளர் மைக் டிட்கா, ஆட்டக்காரர்கள் கர்ட் வார்னர், மைக்கேல் இர்வின், ரான் ஜவோர்ஸ்கி, இந்திய வம்சாவளி ஆட்டக்காரர் பிராண்டன் சில்லர், ஹாலிவுட் நடிகர் மார்க் வால்பெர்க். நூறு கோடிப் பேர் உள்ள நாடு, அதில் ஒரு சிறு பங்கு பார்த்தாலே போதும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். கணக்கு தப்பில்லை. காகிதத்தில் எந்தக் கணக்கும் தப்பாக வராது.

புனே மராத்தாஸ், டெல்லி டிஃபெண்டர்ஸ், மும்பை கிளாடியேட்டர்ஸ், கொல்கத்தா வைப்பர்ஸ், கொழும்பு லயன்ஸ் என்று மொத்தம் எட்டு அணிகள். ரக்பி, கபடி, தடகளம் என்று வேறு வேறு ஆட்டங்களிலிருந்து திடகாத்திரமான பையன்களைத் தேர்ந்தெடுத்து, அமெரிக்கப் பயிற்சியாளர்களைக் கொண்டு சில மாதங்களில் புதிய ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தார்கள். கொழும்பில் சுகததாச விளையாட்டரங்கில் ஆட்டங்களை ஆடிப் பதிவு செய்து, பிறகு தொலைக்காட்சியில் வாரவாரம் காட்டினார்கள். இறுதி ஆட்டத்தில் புனே, டெல்லியை 6-க்கு 0 என்று வென்றது. இந்த ஆட்டத்தில் எதிரியின் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால், அதாவது டச்டவுன் அடித்தால், 6 புள்ளி. கம்பங்களுக்கிடையே உதைத்தால் 3. ஆகவே ஒரு முழு இறுதி ஆட்டத்தின் மொத்த வரவே ஒரு டச்டவுன் அளவுதான். அமெரிக்காவில் இருபது முப்பது என்று புள்ளிகள் போகும். பையன்களைக் குறை சொல்லவில்லை. அப்போதுதான் கற்றுக்கொண்ட ஆட்டத்தில் அவ்வளவுதான் வரும். அடிவாங்கி விழுந்து எழுந்து நின்றதே பெரிது.

எனக்கு அன்று உறுத்தியது வேறு. டெல்லிப் பெயருள்ள அணியும் மும்பைப் பெயருள்ள அணியும் கொழும்பில் ஆடினால் அதைப் பார்க்க யார் வருவார்கள்? டெல்லிக்காரன் வரமாட்டான். மும்பைக்காரன் வரமாட்டான். கொழும்புக்காரனுக்கு அதில் என்ன இருக்கிறது? டெல்லியில் எந்தப் பள்ளிக்கூடத்து மைதானத்திலாவது, எந்தத் தெருவிலாவது ஒரு பையன் அந்த முட்டைப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறானா? அணிக்கு ஊரின் பெயர் இருந்தது, ஊர் இல்லை.

அந்த லீக் நம் வீடுகளில் பெயர் சொல்லும்படி வளரவில்லை. 2014-ல் தொடங்கிய புரோ கபடி லீக்கோ இரண்டே ஆண்டில் நம் பாட்டிமார் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அதிலும் தொலைக்காட்சிதான், அதிலும் பெரும் பணம்தான். ஆனால் கபடியைப் புதிதாக யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

நான் ரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் இருந்தவன். பாலிடெக்னிக் டிப்ளமோவுடன் 1982-ல் சேர்ந்தேன். அதற்கு முந்தைய ஆண்டுதான் நாகர்கோவில் - திருநெல்வேலிப் பாதையைத் திறந்திருந்தார்கள். புதிய பாதையின் குணம் என்ன என்பதைக் கால் தேயத் தேய டிராலியில் போயும் நடந்தும் பார்த்தவன். முதலில் மண் கரை, அதன்மேல் ஜல்லி, அதன்மேல் ஸ்லீப்பர், அதன்பிறகு தண்டவாளம். எல்லாம் போட்டு முடித்த பிறகும் முதல் வண்டியை 20 கிலோமீட்டர் வேகத்தில்தான் விடுவோம். ஜல்லி இறுக வேண்டும். மழைக்காலத்தில் கரை எங்கே உட்காருகிறது என்று பார்க்க வேண்டும். கேங்மேன்கள் குத்திக் குத்திச் சமன் செய்வார்கள். அப்புறம்தான் படிப்படியாக வேகத்தைக் கூட்டுவது. 2012 லீக்கில் முதல் நாளே எக்ஸ்பிரஸ் விட்டார்கள். கீழே ஜல்லிகூட இல்லை.

அமெரிக்காவில் அந்த ஆட்டம் எப்படி வளர்ந்தது என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பு தற்செயலாக வந்தது. என் மகன் ஒகையோ மாநிலம் கொலம்பஸ் நகரில் வேலையில் இருக்கிறான். ஓய்வு பெற்ற பின் 2022-ல் அவனுடன் ஐந்து மாதம் இருந்தோம். ஒருநாள் இரண்டு மணி நேரம் காரோட்டி, கேன்டன் என்ற ஊரிலுள்ள ஃபுட்பால் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனான். என் மனைவிக்குக் கால் வலி, எனக்கோ விதிமுறையே புரியாது. போகும்போது சுரத்தில்லாமல்தான் போனேன். ஆனால் திரும்பி வந்ததும் நூலகத்தில் தேடித்தேடிப் படிக்க வைத்துவிட்டது அந்தப் பயணம்.

ஏன் என்றால் அதில் ரயில்வே இருந்தது.

இன்று 32 அணிகளுடன் உலகிலேயே அதிகப் பணம் புரளும் விளையாட்டு அமைப்புகளில் ஒன்றாக இருக்கும் நேஷனல் ஃபுட்பால் லீக், 1920 செப்டம்பரில் அதே கேன்டன் ஊரில் ஒரு கார் விற்பனைக் கடையில் கூடிய சிலரால் தொடங்கப்பட்டது. உறுப்பினர் கட்டணம் 100 டாலர் என்று தீர்மானித்தார்களாம். யாரும் கட்டியதாகத் தெரியவில்லை. அந்த முதல் பருவத்தில் 14 அணிகள். ஒழுங்கான அட்டவணைகூடக் கிடையாது, எந்த அணி எத்தனை ஆட்டம் ஆட வேண்டும் என்ற கணக்கும் கிடையாது. ஏக்ரன் என்ற ரப்பர் டயர் ஊரின் அணி தோல்வியே இல்லாமல் முடித்தது. அதுதான் சாம்பியன் என்று அடுத்த ஆண்டு ஏப்ரலில் கூட்டம் போட்டு ஓட்டெடுத்துத்தான் முடிவு செய்தார்கள்.

அந்த 14-ல் ஒன்று கொலம்பஸ் பான்ஹேண்டில்ஸ். பென்சில்வேனியா ரயில்ரோடு கம்பெனியின் கொலம்பஸ் பணிமனைத் தொழிலாளிகளின் அணி. பாய்லர் வேலை செய்த நெஸ்ஸர் சகோதரர்கள் ஆறு பேர் அதன் முதுகெலும்பு. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் பயிற்சி. சனிக்கிழமை வேலை முடித்து ரயிலேறி, இரவெல்லாம் பயணம் செய்து, ஞாயிறு வெளியூரில் ஆடி, அதே இரவு ரயிலில் திரும்பி, திங்கள் காலை சம்மட்டியைப் பிடித்திருக்கிறார்கள். ரயில்வே ஊழியர் என்பதால் பயணத்துக்குக் காசில்லை. நம்முடைய பாஸ் மாதிரிதான்! உள்ளூரில் மைதானத்துக்கு வாடகை கொடுப்பதைவிட வெளியூர் போய் ஆடுவது லாபம் என்று பெரும்பாலும் வெளியூரிலேயே ஆடினார்கள். ரயில்வேக்காரன் மூளை எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் வேலை செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். 1920 அக்டோபர் 3 அன்று அவர்கள் டேட்டன் அணியிடம் 14-க்கு 0 என்று தோற்றார்கள். அந்த லீக்கின் அணிகள் இரண்டு நேருக்கு நேர் மோதிய முதல் ஆட்டங்களில் ஒன்று அது. இந்தப் பணிமனை அணியை நடத்திய ஜோ கார் என்பவர்தான் 1921 முதல் 1939-ல் இறக்கும்வரை லீக்கின் தலைவர்.

டேட்டன் அணியும் தொழிற்சாலை அணிதான். இன்றைய சிகாகோ பேர்ஸ் அணி, 1920-ல் டிகேட்டர் ஊரிலிருந்த ஸ்டேலி ஸ்டார்ச் கம்பெனியின் அணி. கஞ்சிமாவு செய்யும் கம்பெனி! கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்கு முதன்முதலில் சட்டை வாங்கப் பணம் கொடுத்தது இந்தியன் பேக்கிங் கம்பெனி. (இந்தியாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இறைச்சி அடைத்து விற்ற நிறுவனம்.) அந்த அணிக்கு இன்றும் தனி முதலாளி கிடையாது. ஊர்மக்கள் உள்ளிட்ட பங்குதாரர்களுக்குச் சொந்தம், பங்குக்கு லாபமும் கிடையாது.

இதைப் படித்தபோது எனக்கு அமெரிக்கா நினைவுக்கு வரவில்லை. திருவனந்தபுரம்தான் வந்தது. நம் தலைமுறைக்குத் தெரியும் — டைட்டானியம் அணி, ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவிதாங்கூர் அணி, மின்வாரிய அணி, ஏஜீஸ் ஆபீஸ் அணி. பகலில் கவுண்டரில் காசு எண்ணியவரை மாலையில் மைதானத்தில் பார்த்துக் கைதட்டியிருக்கிறோம். கேரள போலீஸ் அணி 1990-லும் 1991-லும் தொடர்ந்து ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. சத்யன், பாப்பச்சன், ஷரஃபலி, விஜயன் எல்லாரும் அதில் காக்கிச் சட்டைக்காரர்கள். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற ஐ.எம். விஜயனை எடுத்து வேலை கொடுத்து வளர்த்தது போலீஸ். அவர் இடையில் கொல்கத்தாவுக்குப் போனார், புகழ் பெற்றார், ஆட்டம் முடிந்தபின் போலீஸ் வேலைக்கே திரும்பினார். 2025-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோதும் அவர் போலீஸ் அதிகாரிதான். நம் ரயில்வேயும் குறைந்ததில்லை. பி.கே. பானர்ஜி கடைசிவரை கிழக்கு ரயில்வே அணியில் ஆடியவர். 1958-ல் அந்த அணி கொல்கத்தா லீக்கை வென்றது. மூன்று பெரிய கிளப்புகளைத் தாண்டி வேறோர் அணி மறுபடி அதைச் செய்ய 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இங்கே ஒரு சொந்தக் கதை சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

என் தங்கை மகன் நாகர்கோவிலில் நல்ல கால்பந்து ஆட்டக்காரன். 1996-ல் அவனுக்கு இருபது வயது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் ஒரு வேலைக்கு அழைப்பு வந்தது, கலாசி வேலை. அதே சமயத்தில் வடக்கே ஒரு தனியார் குழு மாதம் அதைப்போல மூன்று மடங்கு சம்பளம் என்று கூப்பிட்டது. "மாமா, எதுக்குப் போகட்டும்?" என்று என்னிடம்தான் கேட்டான். அதே ரயில்வேயில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த நான், "கலாசி வேலைக்கா நீ போகணும்? நாலு வருஷம் சம்பாதிச்சுட்டு வா" என்றேன். என் தங்கை மகன் சம்மட்டி தூக்குவதை என் அலுவலகத்தில் நாலு பேர் பார்ப்பார்களே என்ற எண்ணமும் அதில் இருந்தது. இன்றுவரை அதை அவனிடம் ஒப்புக்கொண்டதில்லை.

இரண்டாம் பருவத்தில் அவனுக்கு மூட்டு போயிற்று. மூன்று மாதச் சம்பளம் பாக்கி. அறுவை சிகிச்சைக்குப் பணம் தருவதாகச் சொன்னவர்கள் தொலைபேசியை எடுக்கவில்லை. முன்பதிவில்லாப் பெட்டியில், காலை நீட்டக்கூட இடமில்லாமல், மூன்று நாள் பயணம் செய்து வந்து சேர்ந்தான். அந்தக் குழுவும் பிறகு இல்லாமல் போயிற்று. கேஸ் போடக்கூட எதிராளி இல்லை. இப்போது வடசேரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். நன்றாகத்தான் இருக்கிறான். மழைக்காலத்தில் மட்டும் நடை மாறிவிடும். அவனுடன் அன்று கலாசியாகச் சேர்ந்த இன்னொரு பையன் பிறகு என் கீழேயே வேலை பார்த்து, மேற்பார்வையாளராக உயர்ந்தான்.

அதனால் வேலை தரும் அணிகள்தான் சரி, தனியார் லீக் எல்லாம் மோசம் என்று எழுதிவிட்டுப் போக எனக்கு ஆசைதான். ஆனால் அது உண்மையாகாது. பேங்க் வேலை கிடைத்ததும் வயிறு வைத்து ஆட்டத்தை மறந்தவர்களையும் பார்த்திருக்கிறோம். சிபாரிசில் அணிக்குள் வந்தவர்களையும் தெரியும். அதைவிடப் பெரிய விஷயம், அந்த அணிகள் இன்று எங்கே இருக்கின்றன? 2017 ஏப்ரல் 1 அன்று ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவிதாங்கூர் என்ற பெயரே பாரத ஸ்டேட் வங்கியில் கரைந்துவிட்டது. பேரனைப் பார்த்து "பேங்க் டீமுக்குப் போடா" என்று சொன்னால், "எந்த பேங்க், தாத்தா?" என்று கேட்பான். மேலும், தனியார் லீக் இல்லையென்றால் நம் தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் போன்றவர்கள் இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடியிருக்க முடியுமா? அந்தக் கடற்கரை ஊர்களில் மணலில் ஊன்றிய இரண்டு கம்புகளுக்கிடையே தலைமுறை தலைமுறையாக ஆட்டம் நடக்கிறது. அங்கே ஜல்லி ஏற்கெனவே இறுகியிருக்கிறது. வண்டி விட்டால் ஓடும்.

ஆகவே எந்த லீக்காக இருந்தாலும் அதில் ஆடும் அணிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள் என்பேன். அணிக்குச் சொந்தமாகவோ நீண்ட குத்தகையிலோ மைதானம் இருக்கிறதா? பதினான்கு, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு அணி நடத்துகிறார்களா? போன பருவத்துச் சம்பளம் போன பருவத்துப் பையன்களுக்கு முழுதாகப் போய்ச் சேர்ந்ததா? இதை நிர்வாகியிடம் கேட்கக்கூடாது, அந்தப் பையன்களின் தகப்பன்மாரிடம் கேட்க வேண்டும். அடிபட்டால், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் சிகிச்சை யார் செலவு? பணம் படைத்த அமெரிக்க லீக்கே, தலையில் அடிபட்டு மூளை பாதித்த பழைய ஆட்டக்காரர்கள் ஆயிரக்கணக்கில் வழக்குப் போட்ட பிறகுதான் இழப்பீட்டுக்கு இறங்கி வந்தது. 2015-ல் நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை ஏற்றது. அவ்வளவு பெரிய அமைப்பிடமே வாங்க அவ்வளவு பாடு என்றால், நேற்று முளைத்த குழுவிடம் வாய்ச்சொல்லை நம்பி எப்படிப் பிள்ளையை அனுப்புவது?

பேரன் கொண்டுவந்த தாளை இரண்டு முறை படித்தேன். மூன்று பக்கம். பையன் செய்யக்கூடாதவை பதினேழு. விளம்பரத்தில் அவன் முகத்தைப் போடும் உரிமை யாருக்கு என்று ஒரு முழுப் பத்தி. அடிபட்டால் என்ன என்பதற்கு ஒரே வரி, "நிர்வாகத்தின் முடிவுக்கு உட்பட்டது." ரயில்வேயில் ஜல்லி சப்ளை செய்யும் கான்டிராக்டருக்குக்கூட இப்படி ஒரு வரி எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போடமாட்டார்.

மாப்பிள்ளையிடமும் ஒன்று சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை. நாம் திருநெல்வேலியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் இந்த ஊருக்கு வந்தது படிப்பையும் கணக்கையும் நம்பி. அதனால் பிள்ளை மைதானத்தில் இருக்கும் நேரமெல்லாம் வீண் என்று நினைக்கப் பழகிவிட்டோம். நம் சங்கத்திலேயே பாருங்கள். ஆண்டு விழாவில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்குப் பரிசு கொடுக்கிறோம். மாவட்ட அணியில் ஆடிய பிள்ளையை மேடைக்குக் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. இத்தனை ஆண்டு உறுப்பினராக இருந்து நானும் அதைக் கேட்டதில்லை. வீட்டில் மதிப்பில்லாத பிள்ளை, வெளியே யாராவது சட்டையில் பெயர் அச்சடித்துக் கொடுத்ததும் கையெழுத்துப் போடத்தான் செய்வான். நாங்கள் கூடவே நின்று தாளைப் படித்துப் பார்ப்போம் என்று தெரிந்தால் கொஞ்சம் நிதானிப்பான். செயற்குழு அன்பர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அந்தக் குழுவின் செயலாளருக்கு நானே கடிதம் எழுதியிருக்கிறேன். கல்லூரியில் சேர்ந்து படித்துக்கொண்டே ஆட அனுமதி உண்டா, அடிபட்டால் சிகிச்சை யார் பொறுப்பு, சம்பளம் எந்தத் தேதிக்குள் என்று மூன்றே கேள்விகள். பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன். அட்டை திரும்பி வந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை. பேரனுக்குக் கோபம்தான். "தாத்தா, இந்தக் காலத்துல யாராவது பதிவுத் தபால் அனுப்புவாங்களா?" என்றான். இருந்தாலும் காலை ஐந்தரை மணிக்குப் பயிற்சிக்குப் போக ஸ்கூட்டரில் என் பின்னால்தான் உட்காருகிறான். ஏழு மணிவரை நான் கேலரியில் இருக்கிறேன், ஃபிளாஸ்க்கில் காப்பியுடன்.